சென்னையில் ரீசேல் வீடு வாங்க நல்ல ஏஜென்ட்டோடு வேலை செய்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர், மேடவாக்கம், தாம்பரம் பக்கம் ரீசேல், அதாவது மறுவிற்பனைக்கு வரும் ஃபிளாட்டும் தனி வீடும் வாங்கி விற்க உதவுவது என் தொழில். வீடு தேடி வருகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். கமிஷன் வாங்கிப் பிழைப்பவன் எழுதுவது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள். சட்ட விஷயங்களில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா வீடும் இணையத்தில் இருக்கிறதே, ஏஜென்ட் எதற்கு?

வீட்டைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் ஏஜென்ட் தேவையில்லை. ஆப்களில் தேடினாலே போதும். ஆனால் நல்ல வீடுகளில் பல அங்கே வருவதற்கு முன்பே கைமாறிவிடுகின்றன. மகனோடு இருக்க அமெரிக்கா போகும் பெரியவர் முதலில் சொல்வது, தெருமுனையில் பல வருடமாகத் தெரிந்த ஏஜென்ட்டிடம்தான். போட்டோ எடுக்கும் முன்பே இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் வேறு. ஒரு வீட்டை ஏன் வாங்கக் கூடாது என்று சொல்லக்கூடியவர் உங்களுக்கு வேண்டும். அந்தத் தெருவில் மழைத் தண்ணீர் எங்கே நிற்கும், எந்த அபார்ட்மென்ட்டில் பராமரிப்புச் சண்டை கோர்ட்டு வரை போனது, எந்த பில்டர் வரைபடத்தில் இல்லாத ஒரு மாடியை ஏற்றிக் கட்டினார் என்பதெல்லாம் எந்த ஆப்பிலும் வராது. உங்கள் ஏஜென்ட் காட்டும் எல்லா வீட்டையும் நல்ல வீடு என்றே சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

"வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னிக்கே சொல்லுங்க" என்கிறார்கள். உண்மையா, அவசரப்படுத்துகிறார்களா?

இரண்டுமே நடக்கும். மெட்ரோ பாதைக்கு நடந்து போகும் தூரத்தில், பத்திரம் சுத்தமாக, கார் நிறுத்தும் இடத்தோடு ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட் நியாயமான விலைக்கு வந்தால் ஒரே வாரத்தில் நாலைந்து பேர் வரத்தான் செய்வார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையும் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையும் மேடவாக்கமும் இப்படித்தான் இருக்கின்றன. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கமும் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

ஆனால் அதே வாசகத்தை ஆறு மாதமாக விற்காத வீட்டுக்கும் சொல்வார்கள். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. அந்த வீடு எப்போது விற்பனைக்கு வந்தது, முதலில் சொன்ன விலை என்ன, இதுவரை யாராவது அட்வான்ஸ் கொடுத்துத் திரும்ப வாங்கினார்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஏஜென்ட் தடுமாறினால் பத்திரத்தில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் முந்தைய பார்ட்டியின் வங்கி வக்கீல் எதையாவது கண்டுபிடித்து நிறுத்தியிருப்பார்.

அனுபவமுள்ளவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள், யாரும் குறைத்துச் சொல்லப் போவதில்லை. நீங்கள் வாங்க நினைக்கும் அதே ஏரியாவில் சமீபத்தில் அவர் முடித்த வீடுகளைக் கேளுங்கள். என்ன விலைக்கு முடிந்தது, சதுர அடிக்கு எவ்வளவு வந்தது, சிக்கல் என்ன வந்தது என்று பேசவிட்டுக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் சிக்கலைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

அப்புறம் ஒரு வீட்டைப் பார்க்கும்போது அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஹாலில் நின்று காற்றோட்டத்தைப் புகழ்வது யாராலும் முடியும். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் அடியைப் பார்க்கிறாரா, கழிவறைக்கு அடுத்த அறைச் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாரா, மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறாரா? கார் பார்க்கிங் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, வாய்மொழியாகத் தந்ததா என்று கேட்கிறாரா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் குடிவந்த முதல் நாளே பக்கத்து வீட்டோடு சண்டை போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ரெரா பதிவு எண் இல்லாத ஏஜென்ட்டிடம் போகலாமா?

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டத்தில் பில்டர் விற்கும் ஃபிளாட்டையோ மனையையோ விற்றுத்தர ஏஜென்ட் கட்டாயம் ரெராவில், அதாவது அந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் நாளுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அது சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். பில்டரின் திட்டம் 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ எட்டு வீட்டுக்கு மேலோ இருந்தால் அந்தத் திட்டமும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தை ஏஜென்ட் காட்டுவதே தவறு.

தனி ஆள் தன் பழைய ஃபிளாட்டை இன்னொருவருக்கு விற்பதில் இந்தக் கட்டாயம் அப்படியே பொருந்தாது. அதனால் ரீசேலில் மட்டும் வேலை செய்யும் பல நேர்மையான, பழைய ஏஜென்ட்களிடம் பதிவு எண் இருக்காது. இருந்தாலும் எண் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது, புகார் செய்ய ஒரு கதவாவது திறந்திருக்கும். எண்ணை விசிட்டிங் கார்டில் பார்த்து நம்பிவிடாமல் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடி, பெயரும் காலாவதித் தேதியும் சரியா என்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர் எனக்காக எப்படிப் பேசுவார்?

நியாயமான கேள்வி. நம் ஊரில் பெரும்பாலும் ஒரே ஏஜென்ட் இரண்டு பக்கமும் நிற்கிறார், இரண்டு பக்கமும் வாங்குகிறார். இது ரகசியமாக இருக்கும்போதுதான் ஆபத்து. முதல் நாளே, "இந்த வீட்டில் விற்பவரிடமும் வாங்குகிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஆமாம் என்று சொல்லும் ஆளோடு வேலை செய்யலாம். அவரிடம் உங்கள் கடைசி விலையை மட்டும் சொல்லாதீர்கள். 80 லட்சம் வரை போக முடியும் என்று ஏஜென்ட்டின் காதில் விழுந்தால் பேச்சு 78-லிருந்துதான் தொடங்கும். பட்ஜெட்டைச் சொல்லும்போது பதிவுச் செலவெல்லாம் போக வீட்டுக்கு மட்டும் எவ்வளவு என்று சொல்லுங்கள், அதிலும் கொஞ்சம் கைவசம் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

உங்களுக்கு மட்டும் வேலை செய்யும் ஏஜென்ட்டும் கிடைப்பார். விற்பவர் பக்கம் வேறொருவர் இருப்பார். கமிஷனில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, ஆனால் விலை பேசும்போது உங்கள் பக்கம் ஒரு ஆள் நிற்பார்.

கமிஷன் எவ்வளவு? எப்போது கொடுப்பது?

சென்னையில் வீடு வாங்குபவர் கொடுப்பது பெரும்பாலும் விலையில் 1 முதல் 2 சதவீதம். விலை ஏற ஏற சதவீதம் குறையும், பேசித்தான் முடிக்க வேண்டும். ஏஜென்ட் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் கமிஷன் மேல் 18 சதவீதம் சேரும், அது உள்ளேயா வெளியேயா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: இத்தனை சதவீதம், பதிவு நாளன்று முழுவதும். அக்ரிமென்ட் நாளில் பாதி கேட்கும் வழக்கமும் உண்டு. அப்படிக் கொடுத்தால், விற்பவர் பக்கத் தவறால் பேரம் முறிந்தால் அந்தப் பாதி திரும்ப வரும் என்று ஒரு வரி சேருங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஏஜென்ட் பதிவு முடியும் வரை உங்களோடு நிற்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

போட்டியில் முந்த நான் என்ன தயார் செய்ய வேண்டும்?

பணக் கணக்கும் காகிதமும். நிறைய விலை கொடுப்பவரை விட, சொன்ன தேதியில் முடிப்பவர் என்று விற்பவர் நம்புகிறவருக்கே வீடு கிடைக்கிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒரு 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், ஆக 64 லட்சம். மீதி 16 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். இதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 7 லட்சத்து 20 ஆயிரம். இந்த மதிப்பு வீட்டுக்கு வங்கி இதைக் கடனில் சேர்க்காது. கமிஷன், வக்கீல், பத்திரம் எழுதும் செலவு, வங்கியின் செலவுகள் எல்லாம் சேர்த்தால் கையில் 25 லட்சம் இல்லாமல் இந்த வீட்டுக்கு இறங்கக் கூடாது. வங்கியின் மதிப்பீட்டாளர் 80-க்குப் பதில் 74 என்று எழுதிவிட்டால் கடன் அதற்குத்தான் கிடைக்கும், பள்ளம் இன்னும் ஆழமாகும்.

அதனால் வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே வங்கியில் சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுத்துக் கடன் முன் ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஏஜென்ட் அந்தக் கடிதத்தை விற்பவரிடம் காட்டி, "இவர் பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை, முடிக்கிறவர்" என்று பேசுவார். நகையை விற்கவோ வைப்பு நிதியை உடைக்கவோ வேண்டியிருந்தால் அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் உடனே கொடுக்கலாமா?

வீடு பிடித்துவிட்டது, நாலு பேர் போட்டி, ஏஜென்ட் 50,000 ரூபாய் போட்டுப் பிடித்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

பணம் பத்திரத்தில் பெயர் உள்ள உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். மகன் கணக்கு, ஏஜென்ட் கணக்கு எதுவும் கூடாது. அனுப்பும் முன் உரிமையாளர் ஒரு செய்தி அனுப்ப வேண்டும்: இன்ன முகவரி வீடு, பேசிய விலை இவ்வளவு, டோக்கன் இவ்வளவு, 15 நாளுக்குள் பத்திர நகல்களைத் தருகிறேன், வக்கீல் ஒப்புக்கொள்ளாவிட்டால் டோக்கனை முழுவதும் திருப்பித் தருகிறேன், அதுவரை வேறு யாரிடமும் பேச மாட்டேன். இந்த நாலு வரியை உரிமையாளரிடம் வாங்கித் தருவதுதான் ஏஜென்ட் உண்மையில் சம்பாதிக்கும் இடம். விற்பவரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே இதை எழுதவைக்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதான்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

டோக்கனுக்கு அடுத்தது விற்பனை ஒப்பந்தம். இதில்தான் 10 சதவீதம் வரை அட்வான்ஸ் போகும். தமிழ்நாட்டில் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். செலவைப் பார்த்துப் பலர் வெறும் முத்திரைத்தாளில் எழுதி விட்டுவிடுகிறார்கள். பதிவாகாத ஒப்பந்தத்தையும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது கோர்ட்டு படியேறிய பிறகு வரும் ஆறுதல். பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் பட்டியல்) ஏறிவிடும், அதன் பிறகு அதே வீட்டை இன்னொருவருக்கு ரகசியமாக விற்க முடியாது. பெரிய தொகை கைமாறுகிறது என்றால் பதிவு செய்யுங்கள்.

பில்டரிடம் நேரடியாக வாங்கும்போது ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கவே கூடாது, ரெரா சட்டம் தடுக்கிறது.

விலையை எப்படிப் பேசுவது? போட்டி இருக்கும்போது குறைத்துக் கேட்கலாமா?

கேட்கலாம், காரணத்தோடு கேட்க வேண்டும். ஆப்பில் போட்டிருக்கும் விலைகளெல்லாம் விற்பவர்களின் ஆசைகள். அதே தெருவில் கடைசியாகப் பதிவான விலைதான் பேச்சுக்கு அடித்தளம், அது ஏஜென்ட்டிடம் இருக்க வேண்டும். வழிகாட்டி மதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், பதிவுத் துறை இணையதளத்திலேயே இருக்கிறது. அது அரசு கட்டணம் கணக்கிடும் தொகை, சந்தை விலை வேறாக இருக்கும்.

ஃபிளாட்டில் முதலில் கேட்க வேண்டியது யுடிஎஸ் எவ்வளவு என்று. அதாவது நிலத்தில் உங்கள் பங்கு. 1,000 சதுர அடி ஃபிளாட் இரண்டு இருக்கும், ஒன்றுக்கு யுடிஎஸ் 600, இன்னொன்றுக்கு 320. கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்பு குறையும், நிலம்தான் நிற்கும். பெசன்ட் நகர், நங்கநல்லூரில் நாற்பது வருட ஃபிளாட்டுக்கும் இவ்வளவு விலை சொல்வது இதனால்தான். அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்களுக்கான புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டாலே பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி இருக்கிறது. பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் யுடிஎஸ்ஸை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும்.

விலையில் இறங்காத விற்பவர் வேறு எதிலாவது இறங்குவார். அவர் புது வீட்டுக்குப் போக மூன்று மாதம் வேண்டும் என்றால் அதைக் கொடுத்து விலையைக் கேளுங்கள். பணம் அவசரம் என்றால் சீக்கிரம் பதிவு செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். விற்பவருக்கு எது தேவை என்பதைக் கண்டறிந்து வருவது ஏஜென்ட்டின் வேலை.

பத்திரத்தை ஏஜென்ட் பார்த்துவிட்டார். வக்கீல் தனியாக வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும், அதுவும் ஏஜென்ட் சொல்லும் வக்கீலாக இல்லாமல் நீங்கள் தேடிய வக்கீலாக. வங்கி வக்கீலே பார்த்துவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள், அவர் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு தேடுபவர்.

மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீடு. அப்பா இறந்துவிட்டார், உயில் இல்லை. அம்மாவும் இரண்டு மகன்களும் விற்கிறார்கள். முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு கறையும் இல்லை. வாங்க வந்தவர் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்கத் தயார். வாரிசுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டோம். அதில் கோயம்புத்தூரில் திருமணமாகிப் போன மகளின் பெயரும் இருந்தது. "அவளுக்குச் சீர் எல்லாம் செஞ்சாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாயார் இருந்தால் அவருக்கும் உண்டு. சீர் செய்ததால் பங்கு போய்விடாது. அந்த மகள் வந்து, தன் பங்குக்கான தொகையைத் தன் கணக்கில் வாங்கிக்கொண்டு, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே பதிவு நடந்தது. அவரை விட்டுவிட்டுப் பதிந்திருந்தால் வாங்கியவர் ஐந்தில்லை, பத்து வருடம் கழித்துக்கூடக் கோர்ட்டில் நின்றிருப்பார்.

வில்லங்கச் சான்று பதிவான விஷயங்களை மட்டும்தான் காட்டும். வாரிசுகளின் பங்கு, பதிவாகாத உயில், நடக்கும் வழக்கு இதெல்லாம் அதில் வராமல் போகலாம். அதனால் மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாக எல்லாத் தாய்ப்பத்திரமும் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்), பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், பணி நிறைவுச் சான்று, சொத்து வரி ரசீது, எல்லாவற்றையும் வக்கீல் பார்க்க வேண்டும். பவர் பத்திரம் (உரிமையாளர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்குத் தரும் அதிகாரம்) வைத்து விற்கிறார்கள் என்றால் இன்னும் கவனம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைக் கேளுங்கள், முடிந்தால் அவரோடு வீடியோ காலில் பேசிவிடுங்கள்.

மனை என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் இல்லாமல் பேச்சே வேண்டாம். சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று காட்டினால் கோயில் நிலமோ அரசு நிலமோ என்று உடனே விசாரிக்க வேண்டும்.

வெள்ளம் வரும் இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி பட்ட பாடும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பட்ட பாடும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அடுத்த தெரு காய்ந்திருக்கும். ஏரியா பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஏஜென்ட்டோடு ஒரு தடவை, ஏஜென்ட் இல்லாமல் ஒரு தடவை போங்கள். காம்பவுண்டு சுவரில் வண்ணம் மாறிய கோடு இருக்கிறதா, மின் மீட்டர் பெட்டியைப் பிற்பாடு உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா, பக்கத்து வீடுகளில் வாசல்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் பக்கத்து வீட்டு வாட்ச்மேனிடமும் கேளுங்கள், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கைகாட்டிச் சொல்வார்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். அது 2022 முதல் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். அதன் எல்லையிலும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி தருவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் நிறுத்தச் சொன்னது. காலி மனை வாங்கி வீடு கட்டும் எண்ணமிருந்தால் இப்போதைய நிலையைச் சிஎம்டிஏவில் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

விற்பவருக்கு வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், தினமும் நடப்பதுதான். அசல் பத்திரம் வங்கியில் இருக்கும். பாக்கி எவ்வளவு என்று வங்கிக் கடிதம் கேளுங்கள், அந்தத் தொகைக்கு உரிய காசோலை நேராக அந்த வங்கிக்கே போகட்டும். கடன் முழுவதும் அடைந்தபின் 30 நாளுக்குள் வங்கி பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் தேதி போடும்போது இந்த 30 நாளையும் சேர்த்துப் போடுங்கள்.

"கொஞ்சம் கேஷா கொடுங்க, விலையைக் குறைக்கிறேன்" என்கிறார் விற்பவர்.

வேண்டாம். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். உங்களுக்கும் நஷ்டம்தான். பத்திரத்தில் விலை குறைந்தால் வங்கிக் கடன் குறையும், நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும், பேரம் முறிந்தால் ரொக்கத்துக்குச் சாட்சி கிடையாது. இதற்கு ஏற்பாடு செய்து தருகிறேன் என்று ஏஜென்ட்டே சொன்னால் அவரிடமிருந்து விலகுங்கள்.

வரிப் பிடித்தத்தையும் மறக்காதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை நீங்கள் பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உரிமையாளரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஆடியில் வாங்கலாமா, தை வரை காத்திருக்கலாமா?

நம்பிக்கை உங்கள் விருப்பம். ஆடியிலும் மார்கழியிலும் வாங்குபவர்கள் குறைவு, விற்பவர் பேச்சுக்கு இறங்கி வருவார். அந்த மாதத்தில் வீடு பார்த்து, விலை பேசி, பத்திரம் சரிபார்த்து, ஆவணியிலோ தையிலோ பதிவு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. முகூர்த்த நாளில் கூட்டம் அலைமோதும். அதற்காகவே பதிவுத் துறை அன்று ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகங்களில் 100 பதிவு டோக்கனை (பதிவுக்கு நேரம் ஒதுக்கும் எண்) 150 ஆகக் கூட்டுகிறது. அப்படியும் கிடைக்காமல் போகலாம், தேதி முடிவானதும் டோக்கனைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து ஏஜென்ட்டிடம் சொல்லி வைக்கலாமா?

ஏரியாவுக்கு ஒருவர் போதும். ஒரே ஏரியாவில் நாலு பேரிடம் சொன்னால் நாலு பேரும் ஒரே வீட்டைக் காட்டுவார்கள், யார் முதலில் காட்டியது என்று கமிஷன் சண்டை வரும். விற்பவரும் வாங்க நிறையப் பேர் வருகிறார்கள் என்று விலையை ஏற்றிவிடுவார். ஒருவர் ஒரு மாதம் வேலை செய்யட்டும், திருப்தியில்லை என்றால் சொல்லிவிட்டு மாறுங்கள்.

ஏஜென்ட் ஏமாற்றிவிட்டால் எங்கே போவது?

ரெரா பதிவு பெற்ற திட்டமும் ஏஜென்ட்டும் என்றால் தமிழ்நாடு ரெராவில் இணையவழியாகப் புகார் தரலாம். ரீசேல் விஷயத்தில் கமிஷன் வாங்கிவிட்டு வேலை செய்யாத குறைக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் போலீஸ் புகார்தான், சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவு நில மோசடி வழக்குகளை எடுக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

பதிவு முடிந்ததும் ஏஜென்ட் வேலை முடிந்ததா?

கமிஷன் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசியிருந்தால் முடியாது. பட்டா பெயர் மாற்ற விண்ணப்பம் போனதா, நிராகரித்தார்களா என்று பார்க்க வேண்டும். மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி மூன்றும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். குடியிருப்போர் சங்கத்தில் பழைய பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பதிவுக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்றவரின் பராமரிப்புப் பாக்கி உங்கள் தலையில் விழும். சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, விற்றவருக்கும் ஏஜென்ட்டுக்கும் அனுப்பிவிடுங்கள், அந்த மாத மின் கட்டணத்தைப் பிரித்துக்கொள்ள உதவும்.